ரெபரன்ஸ் செக்‌ஷனுக்கு என்ன செய்யறது: புத்தகமா, சந்தாவா, இலவச டிஜிட்டலா, நாமளே ஸ்கேன் பண்றதா?

போன மாசம் ரெண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்விய கேட்டாங்க. ஒருத்தர் அரசு உதவி பெறும் கல்லூரி ஒண்ணுல புதுசா நூலகரா சேர்ந்த தம்பி. "அக்கா, நாக் டீம் (கல்லூரித் தரத்த மதிப்பிடற குழு) வரப்போகுது, ரெபரன்ஸ் செக்‌ஷன்ல இருக்கற பழைய அகராதி, கலைக்களஞ்சிய செட்டையெல்லாம் ரைட் ஆஃப் பண்ணிட்டு (பதிவேட்டுல இருந்து நீக்கிட்டு) அங்க பத்து கம்ப்யூட்டர் போட்டுடலாம்னு பிரின்சிபால் சொல்றார், சரின்னு சொல்லிடவா?"ன்னு கேட்டார். இன்னொருத்தர் ரிட்டயர்டு தலைமையாசிரியர், ஊர்ல வாசகர் வட்டம் வச்சு ரெண்டு ரூம்ல ஒரு நூலகம் நடத்தறார். அவரோட பழைய மாணவங்க சேர்ந்து 50,000 ரூபாய் அனுப்பியிருக்காங்க, அகராதி கலைக்களஞ்சியம்னு வாங்கி வைக்கறதா இல்ல கம்ப்யூட்டர் நெட்டுன்னு போறதா, நீ சொல்லும்மா அப்படின்னார்.

ரெண்டு பேர்கிட்டயும் அரைமணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதுல பாதி மிச்சம் இருந்துச்சு. நான் கல்லூரி நூலகத்துல 19 வருஷமா இருக்கேன். சரியா செஞ்சதும் இருக்கு, தப்பா செஞ்சுட்டு இன்னைக்கும் மனசு ஆறாத விஷயமும் இருக்கு, ரெண்டையும் வச்சுத்தான் இத எழுதறேன்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "பிரிட்டானிகாவே பிரின்ட நிறுத்திட்டாங்களே, அப்புறம் என்ன"ன்னு கேப்பாங்க. உண்மைதான், 1768ல எடின்பரோல ஆரம்பிச்ச என்சைக்ளோபீடியா, 2010ல போட்ட 32 தொகுதி செட்டுதான் கடைசி, இனிமே அச்சு கிடையாதுன்னு 2012 மார்ச்ல அறிவிச்சாங்க. ஆனா நின்னது அச்சு மட்டும்தான், என்சைக்ளோபீடியா இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு. முன்னாடி ஒரு தடவ காசு கொடுத்தா செட் நம்ம ரேக்குக்கு வந்துடும், இப்ப நூலகத்துக்கு வேணும்னா வருஷா வருஷம் கட்டணும். நாம முடிவெடுக்க உக்காரும்போது புத்தகம் நல்லதா ஸ்கிரீன் நல்லதான்னு பேசிட்டிருக்கறத விட, எத சொந்தமா வச்சுக்கறது எத வாடகைக்கு எடுக்கறதுன்னு பாத்தா பாதி குழப்பம் தீர்ந்துடும்.

முதல்ல எத வச்சு எடை போடறது

*தகவல் எவ்ளோ சீக்கிரம் பழசாகும்?* 2018ல வாங்கின அட்லஸ்ல தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம். 2019ல தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்து 37, அப்புறம் மயிலாடுதுறை சேர்ந்து 38. குரூப் 4க்கு படிக்கற பிள்ளை அந்த அட்லஸ நம்பி 32ன்னு எழுதினா அது நம்ம தப்பு. இன்னும் பெரிய உதாரணம் சட்டம். 2024 ஜூலை 1ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சு, ஒரே ராத்திரியில ரேக்ல இருந்த கமென்டரி (சட்ட விளக்க நூல்) எல்லாத்துலயும் பிரிவு எண் மாறிப்போச்சு. (அதுக்காக அதையெல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க, அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு பழைய சட்டம்தான், அந்த வழக்குகள் இன்னும் பல வருஷம் ஓடும்.) அதே சமயம் 1936ல முடிஞ்ச தமிழ் லெக்சிகன்ங்கற பேரகராதியில சங்கச் சொல்லுக்கு போட்ட பொருள் இன்னைக்கும் அப்படியே உதவுது.

*காசு கட்டறத நிறுத்தினா நம்ம கையில என்ன மிஞ்சும்?* இத கேக்காம எந்த சந்தாவுலயும் கையெழுத்து போடாதீங்க.

*தமிழ்ல தேட முடியுமா?* இங்கிலீஷ்ல எழுதின கட்டுரைகள் இத ஒரு பிரச்சனையாவே எடுத்துக்கறதில்ல, ஆனா நமக்கு இதுதான் பெரிய தலைவலி. பழைய புத்தகத்த ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா போட்டா அது வெறும் படம், உள்ள தேட முடியாது. எழுத்தா மாத்தற சாஃப்ட்வேர் போட்டாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சுல ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை வச்ச பழைய வடிவத்துல இருக்கும், றா ணா னாவும் வேற மாதிரி இருக்கும், அங்க சாஃப்ட்வேர் தடுமாறிடும். அதையும் தாண்டி வந்தா சொற்புணர்ச்சி இருக்கு, சொல்லு சேரும்போது எழுத்து மாறிடும். "மரம்"னு தேடினா "மரத்தில்" வராது, "மரக்கிளை" வராது.

*யார் வந்து என்ன கேக்கறாங்க?* ஒரு மாசம் ஒரு நோட்டு போட்டு கேள்விகள எழுதி வைங்க. நான் எழுதி வச்சப்போ, வந்த கேள்வியில முக்கால்வாசி ரெபரன்ஸ் புத்தகத்துக்கே வேலை இல்லாதது, போன்ல கிடைக்கறதுதான். மிச்சம் இருந்த கால்வாசி எங்க நூலகத்த விட்டா வேற எங்கயும் கேக்க முடியாததா இருந்துச்சு.

*பில்லுல வராத செலவு என்ன?* இத ஒவ்வொண்ணுக்கும் கீழ தனியா சொல்றேன், ஏன்னா எல்லாரும் ஏமாந்து போறது இதுலதான், நானும் ஏமாந்திருக்கேன்.

வழி 1: அச்சு ரெபரன்ஸ வச்சுக்கறது, தேவையானத புதுசா வாங்கறது

எம்.ஏ. தமிழ் படிக்கற ஒரு பொண்ணு ஒரு நாள் "எழினி"ன்னா என்னன்னு கேட்டு வந்துச்சு. போன்ல தேடியிருக்கு, பூரா குழந்தைப் பேர் லிஸ்ட், "அழகானவள்"னு பொருள் போட்டிருக்கு, ஆனா சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில அது எப்படி பொருந்தும்னு குழம்பிப் போயிருக்கு. லெக்சிகன எடுத்து திறந்தா முதல்லயே திரை. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினின்னு மேடையில கட்டற மூணு வகைத் திரை பத்தி அந்தக் காதை பேசுதுன்னு பொண்ணுக்கு ரெண்டு நிமிஷத்துல விளங்கிடுச்சு. அதோட நிக்கல, கண்ணு மேல போச்சு, எழிலின்னா மேகம்னு இருக்கு, இன்னும் மேல எழால்னு ஒரு சொல், யாழோட இசைக்கும் அந்தப் பேர், ஒரு பறவைக்கும் அந்தப் பேர், பொண்ணு உக்காந்து அதையெல்லாம் நோட்டுல எழுதிட்டுத்தான் போச்சு.

லெக்சிகன் ஆன்லைன்லயும் இருக்கு, சிகாகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய அகராதித் தளத்துல இலவசமாவே பாக்கலாம், நானும் தினமும் பயன்படுத்தறேன். என்ன தேடணும்னு சரியா தெரிஞ்சவங்களுக்கு அது ரொம்ப வேகம். ஆனா அந்தப் பொண்ணுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, தேடல் பெட்டியில முதல்ல வந்தத நம்பிடுச்சு. ரேக்ல 6 தொகுதியும் 1939ல வந்த அனுபந்தமும் கண்ணு முன்னாடி நிக்கும்போது "இப்படி ஒண்ணு இருக்கு"ங்கற விவரமாவது யாரும் சொல்லாமலே போய்ச் சேருது.

அச்சுல வச்சே ஆகணும்னு நான் நினைக்கறது: தமிழ் லெக்சிகன், க்ரியாவோட தற்காலத் தமிழ் அகராதி (1992, 2008, 2020னு மூணு பதிப்பு வந்திருக்கு, வாங்கினா 2020 பதிப்பு வாங்குங்க, முதல் பதிப்பு இருந்தா அதையும் வச்சிருங்க, ஒரு சொல் எப்ப உள்ள வந்துச்சுன்னு ஒப்பிட்டு பாக்கலாம்), அபிதான சிந்தாமணி (பழைய இலக்கிய, புராணக் களஞ்சியம்), உங்க மாவட்டத்தோட பழைய கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு), உங்க ஊர் தலபுராணம், மாவட்ட சென்சஸ் கையேடு எது கிடைச்சாலும்.

கலைக்களஞ்சியம் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா ரைட் ஆஃப் லிஸ்ட்ல முதல்ல வர்றது அதுதான். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியரா இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டு வந்த 10 தொகுதி, முதல் தொகுதி 1954, கடைசி 1968. நம்ம மாநிலத்துக்கு அதிகாரப்பூர்வமா தமிழ்நாடுன்னு பேர் வந்தது 1969 ஜனவரியில, அதாவது பத்து தொகுதியும் அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுச்சு. அதுல இருக்கற மக்கள்தொகை, மாவட்டம், விஞ்ஞானம் எல்லாம் பழசுதான், ஒத்துக்கறேன். ஆனா 1950கள்ல தமிழ்ல இயற்பியலையும் தாவரவியலையும் என்ன சொல்லு போட்டு எழுதினாங்க, ஒரு ஊர அன்னைக்கு எப்படி விவரிச்சாங்கன்னு தெரிஞ்சுக்க வேற எங்க போவீங்க? உடனடித் தகவலுக்கு அது உதவாது, வரலாற்று ஆதாரமா உதவும். ரெபரன்ஸ் ரேக்ல இருந்து எடுத்து அரிய நூல் பீரோவுக்கு மாத்துங்க, எடைக்கு மட்டும் போடாதீங்க.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, நான் முதல்ல வேலை பாத்த இடத்துல ஒரு இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி இடம் வேணும்னு ரெண்டு வண்டி புத்தகம் எடைக்குப் போச்சு, பதிவேட்டுல சிவப்பு மையில கோடு போட்டது நான்தான், புது ஆளு, எதிர்த்துப் பேசத் தெரியல. அதுல இருந்த ஒரு பழைய ஜில்லா மேனுவல மூணு வருஷம் கழிச்சு ஒரு ஆராய்ச்சி மாணவர் கேட்டு வந்தார்.

மறைமுகச் செலவுன்னு பாத்தா: இடம், ராமபாணப் பூச்சி, மழைக்காலத்துல ஈரம், பைண்டிங், வருஷா வருஷம் ஸ்டாக் வெரிஃபிகேஷன். ரெபரன்ஸ் புத்தகம் வீட்டுக்கு இஷ்யூ பண்ண மாட்டோம், அதனால வேலைக்குப் போறவங்க, சாயங்காலம் பஸ்ஸ பிடிக்கறவங்களுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். இயர்புக், சட்டக் கமென்டரி, அட்லஸ், யுனிவர்சிட்டி கைடு மாதிரி பழசாகற ரகத்த அச்சுல வாங்கிட்டே இருந்தா அது ஒவ்வொரு வருஷமும் தண்ணியில போற காசு.

வழி 2: சந்தா கட்டற டேட்டாபேஸ்

கல்லூரிகளுக்கு நடைமுறையில முதல் கதவு என்-லிஸ்ட், கல்லூரிகளுக்கு ஆராய்ச்சி இதழும் இ-புக்கும் ஆன்லைன்ல கொடுக்கற திட்டம், காந்திநகர்ல இருக்கற இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தறது. அரசு உதவி பெறும் கல்லூரிக்கு நான் கடைசியா கட்டினப்போ ஜிஎஸ்டியோட 5,900 ரூபாய், அந்தக் காசுக்கு ஆயிரக்கணக்குல ஜர்னலும் லட்சக்கணக்குல இ-புக்கும் வருதுங்கறத நினைச்சா வேற பேச்சுக்கே இடமில்ல, கட்டுங்க. சுயநிதிக் கல்லூரிக்கு கட்டணம் பல மடங்கு அதிகம், அங்க மட்டும்தான் கணக்கு போட்டுப் பாக்கணும். அரசுக் கல்லூரின்னா இன்னொரு விஷயம், ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு, 2025ல இருந்து மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களோட ஏறக்குறைய 13,000 ஜர்னல், மத்திய மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. உங்க கல்லூரி அதுல வருதான்னு பாத்துட்டு அப்புறம் தனியா ஏதாவது வாங்கறத பத்தி யோசிங்க, ஒரே ஜர்னலுக்கு ரெண்டு தடவ காசு கட்டின கதை நிறைய இருக்கு.

ஆனா நல்லா கவனிங்க, இதுல பெரும்பகுதி ஜர்னல், ஆராய்ச்சிக் கட்டுரை. ரெபரன்ஸ்னு நாம சொல்றது வேற. பி.எஸ்சி. முதல் வருஷம் தமிழ் மீடியத்துல இருந்து வந்த பையனுக்கு "ஆஸ்மாசிஸ்"னா என்னன்னு ஒரு பக்கத்துல புரியணும், அவன்கிட்ட 40 பக்க ஆராய்ச்சிக் கட்டுரைய கொடுத்தா அவன் திரும்பி வரவே மாட்டான். தமிழ் இலக்கியம் படிக்கறவங்களுக்கு இந்தச் சந்தாக்கள்ல கிடைக்கறது சொற்பம். எங்க கல்லூரியில கெமிஸ்ட்ரியும் எகனாமிக்ஸும் நல்லா பயன்படுத்தறாங்க, தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் திறந்து பாத்துட்டு மூடிட்டாங்க, அவங்கள குறை சொல்ல மாட்டேன்.

பில்லுல வராதது இங்க அதிகம். ஒவ்வொரு ஜூன், ஜூலையிலயும் புதுப் பிள்ளைங்களுக்கு லாகின் உருவாக்கணும், அது நம்ம தலையில. பாஸ்வேர்ட் மறந்துட்டு வர்றவங்களுக்கு உக்காந்து மாத்திக் கொடுக்கணும். வெளியாளுக்கு, அதாவது பழைய மாணவருக்கோ ஊர்க்காரருக்கோ, லைசென்ஸ் இடம் கொடுக்குதான்னு ஒப்பந்தத்த படிக்கணும், அச்சுப் புத்தகத்த யார் வந்தாலும் எடுத்துக் காட்டலாம், இத அப்படி காட்ட முடியாது. எல்லாத்துக்கும் மேல, சந்தா நின்ன அன்னைக்கு ரேக் காலி. சில பதிப்பகம் கட்டின வருஷங்களுக்கான இதழ்கள நிரந்தரமா பாக்கறதுக்கு அனுமதி கொடுப்பாங்க, பலர் கொடுக்க மாட்டாங்க, அந்த ஒரு வரி ஒப்பந்தத்துல இருக்கான்னு தேடுங்க. ஸ்டான்ஃபோர்டுல 1999லயே லாக்ஸ்னு ஒரு திட்டம் தொடங்கினாங்க, ஒரே மின்னிதழோட பிரதிய பல நூலகங்கள் தங்களோட கம்ப்யூட்டர்லயே வச்சுக்கற ஏற்பாடு, பதிப்பகம் மூடினாலும் இதழ் காணாம போகக் கூடாதுன்னு. அப்பவே இந்த பயம் வந்திருக்கு.

வழி 3: இலவச டிஜிட்டல், ரெண்டு மூணு கம்ப்யூட்டர்

இன்னைக்கு தமிழுக்கு இருக்கற இலவச வளத்த 2005ல நான் வேலைக்கு வந்தப்போ யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல அகராதி, கலைக்களஞ்சியம், பழைய இதழ்னு கடல் மாதிரி கிடக்கு. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்னைக்கு தன்னார்வலர்களா ஆரம்பிச்சு இலக்கிய நூல்கள தேடற மாதிரி எழுத்தாவே தட்டச்சு பண்ணி போட்டு வச்சிருக்காங்க, ஸ்கேன் படம்னா தேட முடியாதுன்னு மேல சொன்னேனே, அந்தப் பிரச்சனை இங்க இல்ல. ஈழத்து நூலும் இதழும் வேணும்னா நூலகம் திட்டம். இங்கிலீஷ் பாடப்புத்தகம், கேள்வித்தாள்னா கரக்பூர் ஐஐடி நடத்தற தேசிய டிஜிட்டல் நூலகம். ஆய்வேடுன்னா ஷோத்கங்கா. சட்டம்னா உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில இ-எஸ்சிஆர்னு தங்களோட தீர்ப்புத் தொகுப்ப இலவசமா திறந்துட்டாங்க, முன்னாடி இதே வரிசைய வாங்க நூலகங்கள் எவ்ளோ செலவு பண்ணுச்சுன்னு சட்டக் கல்லூரிக்காரங்களுக்குத் தெரியும். பழசாகற ரகம் எல்லாத்துக்கும் இதுதான் சரியான இடம், இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

குறைன்னா ரெண்டு. ஒண்ணு, எங்க என்ன இருக்குன்னு தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லேன்னா இவ்ளோவும் வீண். "எல்லாம் இன்டர்நெட்ல இருக்கு"ன்னு சொல்றவங்களோட கையப் பிடிச்சு அழைச்சுட்டுப் போய் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்கச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல விக்கிபீடியாவுலயும் யூடியூப்லயும்தான் நிப்பாங்க.

ரெண்டாவது, நம்ம கையில எதுவும் இல்ல. லண்டன்ல இருக்கற பிரிட்டிஷ் லைப்ரரி, உலகத்துலயே பெரிய நூலகங்கள்ல ஒண்ணு, 2023 அக்டோபர் கடைசியில ரான்சம்வேர் (கம்ப்யூட்டர்ல இருக்கறத பூட்டி வச்சுட்டு காசு கேக்கற) தாக்குதல்ல மாட்டுச்சு. ஆன்லைன் கேட்டலாக் திரும்ப வந்ததே 2024 ஜனவரி நடுவுலதான், அதுவும் பாக்க மட்டும். 2024 அக்டோபர்ல, பழைய புத்தகத்தையும் வெப்சைட்டையும் சேத்து வைக்கற இன்டர்நெட் ஆர்க்கைவ் அடி வாங்கி பல நாள் படுத்துச்சு. அவங்களுக்கே அந்த நிலைமைன்னா நம்மளோட புக்மார்க் லிஸ்ட் எம்மாத்திரம். எங்க நூலகத்துல ஒரு செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம் ரோட்டுல குழி தோண்டி ஃபைபர் அறுந்து நாலு நாள் நெட் இல்ல, அந்த நாலு நாளும் ரேக்ல இருந்த அகராதியும் பழைய பாடநூலும்தான் சோறு போட்டுச்சு.

இதுக்கு ஓரளவு மருந்து இருக்கு. கிவிக்ஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அத வச்சு தமிழ் விக்கிபீடியா, விக்சனரி ரெண்டையும் முழுசா இறக்கி நெட் இல்லாமலே ஓட்டலாம். காப்புரிமை முடிஞ்ச நூல்கள இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்ல பாடவாரியா அடுக்கி வச்சுக்கலாம். நான் அப்படி ஒரு டிஸ்க் வச்சிருக்கேன், வருஷத்துக்கு ஒரு தடவ இன்னொரு டிஸ்க்குல காப்பி எடுப்பேன், ஃபைல் பேர் எல்லாம் யூனிகோட் தமிழ்ல.

செலவு கணக்குல கம்ப்யூட்டர் விலைய மட்டும் போடாதீங்க. யூபிஎஸ் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல போயிடும், நெட் பில் மாசா மாசம், ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்), மவுஸ் கீபோர்டு. டிஜிட்டலும் செல்லரிக்கும்ங்கறதுக்கு எங்க பீரோவே சாட்சி, 2000த்துக்கு அப்புறம் வாங்கின சிடி-ரோம் ஒரு பெட்டி நிறைய இருக்கு, மைக்ரோசாஃப்டோட என்கார்ட்டா கலைக்களஞ்சியம் உட்பட, இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல சிடி போட வாயே இல்ல, தமிழ் சிடிங்கள்ல இருக்கறது யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட், திறந்தாலும் கட்டம் கட்டமாத்தான் தெரியுது. அதே வருஷம் வாங்கின அச்சுப் புத்தகம் பக்கத்து ரேக்ல ஜம்முனு இருக்கு.

வழி 4: நம்மகிட்ட இருக்கறத நாமளே ஸ்கேன் பண்றது

இத பலர் ஒரு வழியாவே நினைக்கறதில்ல. ஆனா உங்க நூலகத்துல மட்டும் இருக்கற சரக்கு ஏதாவது கண்டிப்பா இருக்கும், கல்லூரி ஆண்டு மலர், ஊர்ல நடந்த சின்னப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், பஞ்சாயத்து நூற்றாண்டு மலர். இத எந்த நாட்டு டேட்டாபேஸும் விலைக்கு விக்காது. 1981ல யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டப்போ 97,000 வரை நூல்கள் போச்சு, ஓலைச்சுவடியும் சேத்து, அதுல வேற எங்கயுமே பிரதி இல்லாததும் இருந்துச்சு, அது திரும்பி வரவே வராது. ஒரே ஒரு அச்சுப் பிரதி பாதுகாப்புன்னு யாராவது சொன்னா எனக்கு உடனே ஞாபகம் வர்றது அதுதான். கோட்டையூர்ல ரோஜா முத்தையா தனி ஆளா சேத்த தொகுப்பு 1994ல நூலகமா சென்னைக்கு வந்தப்போ, அங்க முதல்ல கைவச்ச வேலைகள்ல ஒண்ணு மைக்ரோஃபிலிம் எடுக்கறது. மூலப் புத்தகத்தையும் பத்திரமா வச்சுகிட்டாங்க, பிரதியும் எடுத்தாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, நூலாசிரியர் இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம் காப்புரிமை, அது முடிஞ்சது எல்லாம் தாராளமா பண்ணலாம். காப்புரிமை இருக்கற நூலா இருந்தாலும், வணிக நோக்கம் இல்லாத பொது நூலகம் தன்கிட்ட ஏற்கெனவே இருக்கற பிரதிய பாதுகாப்புக்காக மின்வடிவத்துல சேமிச்சு வைக்கலாம்னு 2012 திருத்தத்துல சேத்திருக்காங்க. சேமிக்கறது வேற, வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பறது வேற, ரெண்டாவதுக்கு அனுமதி இல்ல. கல்லூரி நூலகம்னா நிர்வாகத்தோட வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

மறைமுகச் செலவு முழுக்க உழைப்பு. பக்கம் புரட்டறது லேசு, அதுக்கப்புறம் பேர் வைக்கறது, வருஷம் தேதி பொருள் எழுதறது, ரெண்டு மூணு இடத்துல காப்பி வைக்கறது, இதுலதான் நேரம் போகும். விவரம் எழுதாம "ஸ்கேன்001"னு ஆயிரம் ஃபைல் வச்சிருக்கற நூலகம் எனக்குத் தெரியும், அது ஸ்கேன் பண்ணாததுக்குச் சமம். நொறுங்கற பழைய தாள ஃப்ளாட்பெட்ல கவுத்துப் போட்டு அமுக்காதீங்க, முதுகு உடைஞ்சுடும், மேல இருந்து படம் எடுக்கற ஓவர்ஹெட் ஸ்கேனர் வேணும்.

எது எங்க: ஒரு அட்டவணை

| சரக்கு | நான் தேர்ந்தெடுக்கறது | ஏன் |
|---|---|---|
| சங்கம், காப்பியம் படிக்க அகராதி | அச்சு, கூடவே ஆன்லைன் | பழசாகாது, ரேக்ல பாத்தாத்தான் இருக்கறதே தெரியும் |
| இயர்புக், அட்லஸ், புள்ளிவிவரம் | இலவச டிஜிட்டல் | வருஷா வருஷம் மாறுது |
| சட்டம், தீர்ப்பு | இலவச டிஜிட்டல், பழைய கமென்டரிய மட்டும் வச்சுக்கணும் | பழைய வழக்குக்கு பழைய சட்டம் வேணும் |
| அறிவியல் ஆராய்ச்சி | சந்தா | அச்சுல வாங்க யாராலயும் முடியாது |
| பழைய தமிழ்க் கலைக்களஞ்சியம் | இருந்தா அச்சு, இல்லேன்னா மின்நூலகம் | வரலாற்று ஆதாரம் |
| ஆண்டு மலர், ஊர் மலர் | அச்சு + சொந்த ஸ்கேன் | வேற எங்கயும் கிடைக்காது |
| சின்னப் பிள்ளைங்களுக்கு | அச்சு | ரெண்டு மூணு பேர் சேந்து ஒரு படத்த பாத்து பேசுவாங்க |

எந்த அட்டவணையிலயும் வராத ஒண்ணு

நாலு வழியிலயும் சுத்திச் சுத்தி நான் ஒரே இடத்துக்குத்தான் வர்றேன், அந்த டெஸ்க்ல யார் உக்காந்திருக்காங்க? எழினிய தேடி வந்த பொண்ணுக்கு உதவுனது லெக்சிகன்தான், ஆனா அத எடுத்துக் கையில கொடுக்க ஒரு ஆள் இருந்தாங்க. சீர்காழியில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லயே வாசகரோட நேரத்த மிச்சம் பிடிக்கணும்னு விதியா எழுதி வச்சுட்டார், அந்த நேரம் மிச்சமாகறது கேள்விய புரிஞ்சுக்கற ஆள் இருந்தாத்தான்.

நான் பாத்த வரைக்கும் நடக்கறது என்னன்னா, ரெபரன்ஸ் புத்தகம் போகும்போது ரெபரன்ஸ் டெஸ்கும் சேந்து போயிடுது. கம்ப்யூட்டர் வந்தாச்சே, ஆள் எதுக்குன்னு ரிட்டயர் ஆனவங்க இடத்த நிரப்பாம விட்டுடறாங்க. அப்புறம் அந்த ரூம் பிரவுசிங் சென்டர் மாதிரி ஆகிடுது. அதனால டிஜிட்டலுக்குப் போய் மிச்சமாகற ரூபாயில ஒரு பங்கு ஆளுக்குன்னு எழுதி வாங்குங்க, பார்ட் டைமா ஒருத்தர், இல்லேன்னா கொஞ்சம் சம்பளம் கொடுத்து ரெண்டு மாணவர்கள பழக்கி விடுங்க.

அந்த ரெண்டு பேருக்கு என்ன சொன்னேன்

தம்பிக்கு: பத்து கம்ப்யூட்டர் வேண்டாம், நாலு போதும், பிள்ளைங்க கையில போன் இருக்கு, அவங்களுக்கு வேண்டியது நல்ல வைஃபையும் லாகினும். என்-லிஸ்ட் கட்டு. ரைட் ஆஃப் லிஸ்ட்ட ஒரே நாள்ல போடாத. இயர்புக், பழைய கைடு, கம்ப்யூட்டர் புத்தகத்துல 2010க்கு முந்தினது இதெல்லாம் தாராளமா போகட்டும், அதுலயே நாலு ரேக் காலியாகும். கலைக்களஞ்சியம், லெக்சிகன், கெசட்டியர், ஆண்டு மலர் மேல கை வைக்காத. பிரின்சிபால் கேட்டா தனியா "அரிய நூல் பிரிவு"ன்னு பேர் போட்டு ஒரு பீரோவுல வை, வர்ற டீம்கிட்ட அதையே பெருமையா காட்டலாம்.

தலைமையாசிரியர் சாருக்கு கொஞ்சம் வேற மாதிரி. அவர் ஊர்ல வர்றவங்க டிஎன்பிஎஸ்சி எழுதற பிள்ளைங்க, பள்ளிப் பிள்ளைங்க, பேப்பர் படிக்க வர்ற பெரியவங்க. சந்தா எதுவும் அவருக்குத் தேவையில்ல. 50,000த்துல ஒரு கம்ப்யூட்டர், பேட்டரி, ஒரு பிரிண்டர், கிவிக்ஸ் போட்ட டிஸ்க், அது போக க்ரியா அகராதி, ஒரு நல்ல இங்கிலீஷ்-தமிழ் அகராதி, சின்னப் பிள்ளைங்களுக்கு படம் போட்ட களஞ்சியம். ரெண்டு வருஷத்து நெட் பில்லுக்கும் பேட்டரிக்கும் தனியா எடுத்து வைங்கன்னு சொன்னேன், அதத்தான் எல்லாரும் மறப்பாங்க. மிச்சத்த சாயங்காலம் 5ல இருந்து 8 வரைக்கும் உக்கார ஊர்லயே டிகிரி முடிச்சுட்டு பரீட்சைக்குப் படிக்கற ஒரு பொண்ணுக்கோ பையனுக்கோ மாசச் சம்பளமா கொடுங்கன்னும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஊர்த் திருவிழா மலர் 1962ல இருந்து எங்க வீட்டு பரண்ல கிடக்கும்மா, அதையும் கொண்டு வந்து ஸ்கேன் பண்ணிடலாமா"ன்னு கேட்டார். பண்ணுங்க சார், முதல்ல வெயில்ல போடாம நிழல்ல காய வைங்க, அப்புறம் ஒவ்வொண்ணுலயும் வருஷத்த பென்சில்ல எழுதுங்க, பேனா வேண்டாம்னு சொல்லியிருக்கேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போறேன்.